முதலில் தங்க ஓர் இடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், செங்கல்பட்டு ஜில்லாவின் நான்காம் வகுப்புப் பொதுத் தேர்வில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி முதலிடம் பெற்றாள். சென்னைப் பட்டணத்தைச் சுற்றி வளைத்துக் கிடந்த ஜில்லா அது. சிங்கப்பெருமாள் கோவிலும் தாம்பரமும் அதற்குள் அடக்கம். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. பின்னாலேயே கணவனின் சாவும் வந்தது. அந்தக் காலத்துப் பிராமண வீட்டு வழக்கப்படி அவள் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1911 ஏப்ரலில் மாநிலக் கல்லூரியில் முதல் வகுப்பில் தேறி, சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி ஆனார். சகோதரி சுப்புலட்சுமி என்று தமிழ்நாடு அறிந்த ஆர்.எஸ். சுப்புலட்சுமி அவர்தான்.

இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதும்போது நமக்கு ஒரு பழக்கம் உண்டு. ‘முதல் பட்டதாரி’, ‘முதல் மருத்துவர்’, ‘முதல் சட்டமன்ற உறுப்பினர்’ என்று ஒரு வரிசை கட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். அந்த வரிசை சொல்லாத செய்தி ஒன்று உண்டு. பெண் கல்வியில் அவர் செய்த பெரிய காரியம் பட்டம் வாங்கியதும் அல்ல, பாடம் நடத்தியதும் அல்ல, விடுதி நடத்தியது. இதை விளங்கிக்கொள்ள அவருக்கு அரை நூற்றாண்டு முந்தைய பீட்டர்ஸ்பர்க் நகரத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

ரஷ்யப் பெண்ணியத்தின் தொடக்கத்தைப் பற்றிப் பேசுபவர்கள் மூன்று பெயர்களைச் சேர்த்தே சொல்வார்கள்: மரியா த்ருப்னிகோவா, நாடெஷ்டா ஸ்தாசவா, அன்னா ஃபிலசோஃபவா. த்ருப்னிகோவா சைபீரியாவில் பிறந்தவர். ஜாரை எதிர்த்து 1825இல் கிளர்ந்த டிசம்பரிஸ்டுகளில் ஒருவர் அவருடைய அப்பா. நாடுகடத்தப்பட்ட இடத்தில் பிறந்த மகள் இவர். ஸ்தாசவாவின் அப்பா அரசவைக் கட்டடக் கலைஞர். ஃபிலசோஃபவாவின் கணவரோ ராணுவத் தலைமை வழக்கறிஞர். மூவருமே மேல்தட்டு. 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்தபோது ஜமீன் வருமானம் ஆட்டம் கண்டது. அதை நம்பியிருந்த குடும்பங்களின் கல்யாணமாகாத பெண்களும் விதவைகளும் வேலை தேடித் தலைநகருக்கு வந்தார்கள். வந்தவர்களுக்குத் தொழில் தெரியாது, படிப்பு பாதி, தங்க இடமில்லை.

மூவரும் முதலில் ஆரம்பித்தது பள்ளிக்கூடம் அல்ல, மலிவு வாடகைக் குடியிருப்புச் சங்கம். அறை கொடுத்தார்கள், பொதுச் சமையலறை வைத்தார்கள், தையல் வேலை பிடித்துக் கொடுத்தார்கள். 1863இல் பெண்களே நடத்தும் பதிப்புக் கூட்டுறவு வந்தது. படிப்புக்கான கோரிக்கை அதற்குப் பிறகுதான். அதே 1863இல் வந்த பல்கலைக்கழகச் சட்டம் பெண்களுக்குக் கதவை அடைத்திருந்தது. எவ்கேனியா கொன்ராதி என்ற பத்திரிகையாளர், அறிவியலாளர் மாநாட்டுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். 1868இல் 400 பெண்களுக்கு மேல் கையெழுத்திட்ட மனு பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத் தலைவரிடம் போனது. இங்கிலாந்திலிருந்து ஜான் ஸ்டூவர்ட் மில் பாராட்டிக் கடிதம் எழுதினார். கல்வி அமைச்சர் திமித்ரி டால்ஸ்டாய் அசைந்து கொடுக்கவில்லை. (எழுத்தாளர் டால்ஸ்டாய் வேறு.) முதலில் பொதுச் சொற்பொழிவுகளுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. 1878இல்தான் பெண்களுக்கான உயர்கல்வி வகுப்புகள் முழுமையாகத் தொடங்கின. தலைவராகப் பெயர் கொடுத்த வரலாற்றுப் பேராசிரியரை வைத்து பெஸ்துஷெவ் வகுப்புகள் என்று அதற்குப் பெயர். முதல் ஆண்டிலேயே 800 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். பட்டம் கிடையாது, பதவி உரிமை கிடையாது. படிப்பு மட்டும் உண்டு. அந்த வகுப்புகளைத் தோளில் சுமந்த ஸ்தாசவாவை 1889இல் அரசாங்கம் பொறுப்பிலிருந்து விலக வைத்தது.

இப்போது சென்னைக்கு வருவோம். இங்கே நிலைமை நேர் எதிர். சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மேரி ஷார்லீப் உள்ளிட்ட நால்வர் அந்த ஆண்டு வகுப்பில் உட்கார்ந்தார்கள். மாநிலக் கல்லூரியும் பெண்ணைத் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் முதல் இந்துப் பெண் பட்டதாரி வர 1911 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பீட்டர்ஸ்பர்க்கில் படிக்கப் பெண்கள் இருந்தார்கள், கதவு அடைத்திருந்தது. சென்னையில் கதவு திறந்திருந்தது, உள்ளே போக ஆளில்லை. 1911 கணக்கெடுப்பின்போது இந்தியா முழுவதும் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தார்கள். சட்டம் தடுக்காத இடத்தில் வீடு தடுத்தது. ஆகவே இங்கே மனு கொடுத்துப் பயனில்லை, யாரிடம் கொடுப்பது?

சுப்புலட்சுமி தப்பியதற்குக் காரணம் அவருடைய வீடு. அப்பா ஆர்.வி. சுப்பிரமணிய ஐயர், தஞ்சாவூர் ஜில்லா ரிஷியூர்க்காரர், பொதுப்பணித் துறையில் பொறியாளர். மகளை மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தார். அம்மா விசாலாட்சி துணை நின்றார். சித்தி வாலாம்பாளும் விதவை. பிற்காலத்தில் விடுதி நிர்வாகத்தில் சுப்புலட்சுமிக்கு வலக்கை அவர்தான். கன்னிமாடப் பள்ளியில் கண்ட கன்னியாஸ்திரீகளின் உழைப்பு சுப்புலட்சுமியின் மனத்தில் ஊன்றியது. அவர் கிறிஸ்தவம் பக்கம் போகவில்லை. ஆனால் குடும்பம் என்ற ஒன்று இல்லாமலே ஒரு பெண் மதிப்போடு வாழலாம், பத்துப் பேருக்குப் பயன்படலாம் என்பதற்கு அவர் கண்ணெதிரே கண்ட முதல் சான்று அவர்களாகத்தான் இருக்க வேண்டும். ‘சகோதரி’ என்ற அடைமொழியில் அந்த வாசனை இருக்கிறது.

எழும்பூரில் குடும்பம் இருந்த வீட்டிலேயே நான்கு இளம் விதவைகளைச் சேர்த்துக்கொண்டு காரியம் தொடங்கியது. 1912இல் சாரதா மகளிர் சங்கம் உருவானது. அப்போது மாகாணப் பெண் கல்வி ஆய்வாளராக இருந்தவர் கிறிஸ்டினா லிஞ்ச் என்ற ஐரோப்பிய அதிகாரி. அரசாங்கத்துக்கு அன்றைக்கு ஒரு தலைவலி இருந்தது. பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தால் வைதிக வீட்டார் ‘வாத்தியார் ஆம்பளையா?’ என்று கேட்டார்கள். பெண் வாத்தியார் என்றால் ‘என்ன ஜாதி, என்ன மதம்?’ என்று கேட்டார்கள். மேல்சாதி இந்து ஆசிரியைகள் இல்லை. மறுபக்கம், வீடுதோறும் சமையலறையிலும் கொல்லைப்புறத்திலும் இளம் விதவைகள் சம்பளமில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தார்கள். லிஞ்சும் சுப்புலட்சுமியும் இந்த இரண்டையும் கோத்தார்கள். விதவையை ஆசிரியை ஆக்குவது என்ற திட்டம் அப்படிப் பிறந்தது. அரசு உதவித்தொகை கிடைத்தது.

இதில் கருணை எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கணக்கு நிறையவே இருந்தது என்பது என் எண்ணம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பீட்டர்ஸ்பர்க்கிலும் அதேதான். குடும்பப் பொருளாதாரத்தில் இடமில்லாமல் போன பெண்தான் இரண்டு ஊரிலும் முதல் மாணவி. கல்யாணமாகி, கணவன் இருந்து, சோற்றுக்குக் குறைவில்லாத வீட்டிலிருந்து முதல் படை வரவில்லை. வேண்டாதவள் என்று ஒதுக்கப்பட்டவளுக்குத்தான் வெளியே போகக் கொஞ்சம் இடைவெளி கிடைத்தது.

நம் நாட்டில் இதற்கு முன்னோடிகளும் இருந்தார்கள். பண்டித ரமாபாய் 1889இல் பம்பாயில் சாரதா சதன் தொடங்கினார். மதமாற்றம் பற்றிய புகார் எழுந்ததும் இந்து ஆதரவாளர்கள் விலகிக்கொண்டார்கள். கார்வே 1896இல் புனேயில் விதவைகள் இல்லம் அமைத்தார். ராஜமுந்திரியில் வீரேசலிங்கம் 1881லேயே விதவை மறுமணம் நடத்தி வைத்தார். சுப்புலட்சுமி மறுமணக் கொடி பிடிக்கவில்லை. ஆசார விதிகளுக்கு உட்பட்டே விடுதியை நடத்தினார். ரமாபாய்க்கு நேர்ந்ததைப் பார்க்கும்போது அந்த எச்சரிக்கை விளங்குகிறது. மகளை விடுதியில் விடும் அப்பாவுக்குத் தன் வீட்டுச் சமையலும் தன் வீட்டு மடியும் அங்கே இருக்கின்றன என்ற நம்பிக்கை வேண்டும். அது போனால் பெண் திரும்பிப் போய்விடுவாள். கிணற்றடியும் அடுப்பும்தான் மறுபடி.

பெண்கள் பெருகப் பெருக வீடு போதவில்லை. விதவைகள் கூட்டமாக வாழும் வீட்டுக்கு இடம் கிடைப்பது லேசா? காலையில் எதிரே வந்தால் சகுனத் தடை என்று கதவைச் சாத்திய தெருக்கள் அவை. 1917இல் இடம் கிடைத்தது, திருவல்லிக்கேணிக் கடற்கரையில். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ் அது. உள்ளூரிலேயே ஐஸ் தயாரிக்கத் தொடங்கியதும் வியாபாரம் படுத்துக் கட்டடம் கைமாறியது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் வீடாக இருந்தபோது, 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று விவேகானந்தர் இல்லம். உள்ளே போகிறவர்கள் சுவாமிஜி தங்கிய அறையைக் கேட்டுப் பார்க்கிறார்கள். அவர் தங்கியது சில நாட்கள். விதவைப் பெண்கள் வருஷக் கணக்கில் வாழ்ந்து, படித்து, வேலைக்குப் போன கட்டடம் அது என்பதையும் பார்க்க வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த இடத்தின் பொருத்தத்தையும் கவனிக்க வேண்டும். மெரினாவிலேயே, நடந்து போகும் தூரத்தில், 1914இல் தொடங்கிய பெண்கள் கல்லூரி. டாரத்தி டி லா ஹே முதல்வராக இருந்து வளர்த்த அந்தக் கல்லூரிக்கு 1917இல் ராணி மேரி பெயர் வைத்தார்கள். விடுதியும் கல்லூரியும் ஒரே கடற்கரையில். அதோடு 1922இல் லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் சேர்ந்தது. அதற்கு சுப்புலட்சுமியே முதல்வர். விடுதியில் சேர்ந்து, பள்ளியில் படித்து, பயிற்சி முடித்து, ஆசிரியையாக வெளியே போக ஒரே வட்டாரத்தில் வழி அமைந்துவிட்டது. இதைத் திட்டமிட்டுச் செய்த மூளையை நாம் ‘சேவை’ என்ற ஒரு சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டோம்.

அரசு ஊழியர் என்பதால் அவருக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. 1917இல் அடையாற்றில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தில் அவர் வெளிப்படையாக உறுப்பினராக முடியவில்லை. ஆனாலும் குழந்தை மண விஷயத்தில் வாய்மூடி இருக்கவில்லை. ஜோஷி குழுவின் முன் சாட்சி சொன்னார். குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டத்துக்கு வழிவகுத்த குழு அது. பதினொரு வயதில் தாலி கட்டிக்கொண்ட ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசியதற்கு உள்ள கனம் எந்தப் புள்ளிவிவரத்துக்கும் இருந்திருக்காது.

அடையாறு என்றதும் இடையில் ஒரு செய்தி. அன்னா ஃபிலசோஃபவா தம் கடைசிக் காலத்தில் பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். 1908இல் ரஷ்யாவில் அந்தச் சபை அமைந்தபோது முன்னின்றவர்களில் ஒருவர். அதே ஆண்டு டிசம்பரில் அனைத்து ரஷ்ய மகளிர் மாநாட்டையும் கூட்டினார். அந்தச் சபையின் உலகத் தலைமையகம் நம் அடையாறு. சபையைத் தொடங்கிய பிளாவட்ஸ்கியும் ரஷ்யப் பேரரசில் பிறந்தவர்தான். இதை வைத்து, பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து சென்னைக்கு யோசனை வந்தது என்று கயிறு திரிக்க நான் தயாராக இல்லை. ஒரே சிக்கல் ஒரே மாதிரி தீர்வைக் கொண்டுவந்தது, அவ்வளவுதான். ஆனால் சுப்புலட்சுமியின் வாழ்க்கையை முழுமையாக எழுதியவர் மோனிகா ஃபெல்டன் என்ற ஆங்கிலப் பெண்மணி என்பது சுவையான தற்செயல். நகரமைப்பு நிபுணர், சோஷலிஸ்ட். கொரியப் போரின்போது வடகொரியா போய்வந்ததற்காகப் பதவி இழந்தவர். மாஸ்கோ அவருக்கு 1951இல் ஸ்டாலின் அமைதிப் பரிசு கொடுத்தது. பிறகு சென்னையில் குடியேறி, சகோதரியிடம் நேரில் கேட்டு எழுதிய நூல் 1966இல் வெளிவந்தது. அநுத்தமா அதைத் தமிழில் ‘சேவைக்கு ஒரு சகோதரி’ என்று கொண்டுவந்தார். ஒரு நகரத்தைத் திட்டமிட்டவருக்கு, பெண்களுக்கு வீடு தேடியலைந்தவரின் கதை பிடித்துப்போனதில் வியப்பில்லை.

பாராட்டோடு நிறுத்திக்கொள்ள முடியாது. ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டுமே. அன்றைய அரசியலில் இது கசப்பான விமர்சனத்துக்கு ஆளானது. நீதிக்கட்சி காலம் அது. அரசுப் பணம் ஒரு சாதியின் விடுதிக்கு ஏன் போக வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. குழந்தை விதவைக் கொடுமை அந்தச் சாதியில் கடுமையாக இருந்தது என்பது பதில். அந்தப் பதில் பாதிதான் செல்லும். சாரதா சங்கம் பின்னாளில் நடத்திய சாரதா வித்யாலயா மற்றச் சாதிப் பெண்களையும் சேர்த்தது; பிறகு அது ராமகிருஷ்ணா மிஷன் கைக்கு மாறியது. முதல் கூரை ஒரு சாதிக்கு என்று எழும்பியதன் விளைவு வேறொரு வாசலில் தெரிந்தது. தேவதாசி முறையை எதிர்த்துச் சட்டமன்றத்தில் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக் கதவை 1930இல் தேவதாசிக் குலத்துப் பெண்கள் தட்டினார்கள். சாதிவாரியாக இருந்த நகரத்து விடுதிகளில் அவர்களுக்கு இடமில்லை. தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அவ்வை இல்லம் அப்படித்தான் உருவானது. அங்கே சாதி கேட்கவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவு: ஒருவர் தம் சாதியின் உள்ளேயிருந்து பூட்டைத் திறந்தார், மற்றவர் எந்தச் சாதிப் பூட்டையும் ஏற்கவில்லை. வரலாற்றுக்கு இருவரும் தேவைப்பட்டார்கள். ஆனால் பின்பற்றத்தக்க முன்மாதிரி எது என்று கேட்டால் அவ்வை இல்லம் என்றே சொல்வேன்.

சுப்புலட்சுமியும் அதே இடத்தில் நின்றுவிடவில்லை. ஓய்வு பெற்ற பிறகு 1942இல் மயிலாப்பூரில் வயதுவந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையம் தொடங்கினார். 1952 முதல் 1956 வரை சட்ட மேலவையின் நியமன உறுப்பினர். 1954இல், 68 வயதில், தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சமூகநல மையம் அமையக் காரணமாக இருந்தார். ஏரியும் வயலும் சோழர் காலத்துத் தேனுபுரீஸ்வரர் கோயிலுமாக இருந்த ஊர். இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் அடுக்குமாடிகளுக்கு நடுவே மாடம்பாக்கம் கரைந்துவிட்டது. எழும்பூர் விதவையிலிருந்து மாடம்பாக்கம் கிராமத்துத் தாய் வரை அவர் வந்து சேர நாற்பது ஆண்டுகள் ஆயின. 1958இல் பத்மஸ்ரீ, 1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசியன்று மறைந்தார்.

மாடம்பாக்கத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையோடு போனால் எங்கள் சிங்கப்பெருமாள் கோவில். குடைவரை நரசிம்மரைப் பார்க்க வருகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் ஊரின் நடப்பைத் தீர்மானிப்பது இப்போது ஷிப்ட் மணிதான். மறைமலைநகரும் மகேந்திரா சிட்டியும் இருபுறமும். ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை இங்கேதான் பிரிகிறது. விடியும் முன்னே கம்பெனி பஸ்களுக்காக, கழுத்தில் அடையாள அட்டையோடு இளம் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். வட மாவட்டங்களிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். தெருவுக்குத் தெரு ‘லேடீஸ் ஹாஸ்டல்’ பலகை. சுப்புலட்சுமி காலத்தில் பெண்ணை வெளியே விட வீடு மறுத்தது. இன்று வீடே பஸ் ஏற்றி அனுப்புகிறது. கூரைப் பிரச்சினை மட்டும் உருமாறி உடன் வருகிறது.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து மின்னணுத் தொழிற்சாலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தது நினைவிருக்கும். விடுதிச் சாப்பாட்டால் 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில். கட்டில் இல்லாமல் தரையில் படுக்கை, தண்ணீர் வராத கழிவறை என்று அப்போதுதான் செய்தியில் வந்தது. மறியலுக்குக் காரணம் சம்பளம் அல்ல, விடுதி. பிறகு 2024இல் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெரும் விடுதி திறந்தார்கள். அரசின் ‘தோழி’ விடுதிகளும் வந்தன. கட்டடம் வருகிறது, நல்லது.

ஆனால் பீட்டர்ஸ்பர்க் மலிவு வாடகைச் சங்கம் 1861இல் உடைந்தது ஒரு கேள்வியில்: தங்கியிருக்கும் பெண்களைக் கண்காணிக்க வேண்டுமா, வேண்டாமா? கண்டிப்பான மேற்பார்வை வேண்டும் என்று ஒரு கட்சி. உதவி வாங்குபவளும் தன்மானமுள்ளவள், அவளைக் காவல் காக்க நாம் யார் என்று த்ருப்னிகோவாவின் கட்சி. ஐஸ் ஹவுஸ் முதல் கட்சியின் வழியில் நடந்தது. 1917இன் சென்னையில் வேறு வழி இல்லை. ஒரு நூற்றாண்டு கழித்தும் நம் விடுதிகள் அதே கட்சியில்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014இல் சட்டம் வந்தது. பதிவு, உரிமம், பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு, அவை அவசியமும்கூட. எத்தனை மணிக்குக் கேட் பூட்டுவது என்பதில் காட்டும் அக்கறையில் பாதியை, உள்ளே இருப்பவள் என்ன ஆகப்போகிறாள் என்பதில் நாம் காட்டுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமாவோ முடித்து வந்தவள் சில வருஷம் லைனில் நின்று, ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குப் போய்விடுகிறாள். ஐஸ் ஹவுஸுக்குள் போனவள் ஆசிரியையாக வெளியே வந்தாள். கெடுபிடி நிறைந்த அந்த விடுதிக்கு இருந்த அந்த ஒரு பெருமை இன்றைய விடுதிகளுக்கு இல்லை.

எங்கள் பகுதியில் வீட்டை விடுதியாக வாடகைக்கு விடுபவர்களுக்கும் அவற்றை நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கட்டில் போடாமல் ஓர் அறையை ஒதுக்குங்கள். நீள மேசை, நாலு நாற்காலி, நல்ல வெளிச்சம் போதும். அஞ்சல்வழியில் பட்டம் படிப்பவளும் டி.என்.பி.எஸ்.சி. எழுதுபவளும் நைட் ஷிப்ட் முடிந்து வந்து அதில் உட்காரட்டும். கேட் பூட்டும் நேரத்தை முடிவு செய்யும்போது அவர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.